ஒரு முழு நிமிடம்

“கையைப் பின்னால கட்டிக்கிட்டு நில்லு.” குழந்தைகள் வார்டில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் இது. ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் பயிற்சிக்கு வந்திருந்த எங்களில் பலருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. கட்டிலில் ஒரு பிள்ளையைக் கண்டால் போதும், கன்னத்தைத் தொடவும் தூக்கவும் ஓடுவோம். பாடம் நடத்திய சிஸ்டர் எங்களைக் கட்டிலின் கால்மாட்டில் நிறுத்திவைத்தார். பெரியவர்களிடம் நாடியைப் பிடித்தபடியே பேசலாம், குழந்தையிடம் அது நடக்காது, தொட்டால் அழும், அழுதுவிட்டால் மூச்சு, நாடி, வயிறு எல்லாம் மாறிவிடும், அப்புறம் எதை அளந்து எழுதுவாய் என்று கேட்டார்.

அதனால் முதலில் கண். குழந்தை அம்மா மடியிலேயே இருக்கட்டும். புது ஆளைப் பார்த்ததும் முந்தானைக்குள் முகத்தை ஒளித்துக்கொள்கிறதா? ஒளித்தால் நல்லது, ஆள் தெரிகிறது. சாவிக்கொத்தை ஆட்டினால் கண் அதன் பின்னே போகிறதா? உதடு என்ன நிறம்? மூச்சு விடும்போது மூக்குத் துவாரம் விரிகிறதா? இவ்வளவும் பார்த்த பிறகுதான் கை. காது, தொண்டை, ஊசி என்று குழந்தைக்குப் பிடிக்காததெல்லாம் கடைசியில். இந்த வரிசையை எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். ஆனால் பிள்ளை சிணுங்க, அம்மா பதற, வாசலில் இன்னும் பத்துப் பேர் காத்திருக்க, ஒன்றும் செய்யாமல் நின்று பார்ப்பதற்குப் பழக்கம் வேண்டும். எனக்கு அது படிய வருஷங்கள் ஆயின.

வேலை கிடைத்தது திருவண்ணாமலை மலைக்கு மேற்கே. அடி அண்ணாமலையை வெளியூர்க்காரர்கள் கிரிவலப் பாதையில் வரும் ஓர் ஊராக அறிவார்கள். பதினான்கு கிலோமீட்டர் நடையில் கால் கெஞ்சத் தொடங்கும் நேரத்தில் இந்த ஊர் வரும். பிரம்மா பிரதிஷ்டை செய்ததாகச் சொல்லும் சிவன் கோயில் இங்கே இருக்கிறது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று அவருக்கும் ஒரு சின்னக் கோயில். கும்பிட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். என் ஊர் அந்தப் பாதையை விட்டு உள்ளே திரும்பினால் தொடங்கும். கூரை வீடுகள், திண்ணை, மாட்டுக்கொட்டகை, வாசலில் விறகடுப்பு. மழைக்காலத்தில் அடுப்பு வீட்டுக்குள் போய்விடும். புகை போக வழி இருக்காது. கைக்குழந்தையின் தூளியும் அதே அறையில்தான் தொங்கும்.

ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஐயாயிரம் பேர் என்பது சமவெளிக்கான கணக்கு. கர்ப்பிணிப் பதிவு, பிரசவம் பார்த்த வீடுகளுக்குப் போய்வருவது, புதன்கிழமை தடுப்பூசி, குடும்பநலக் கணக்கு, மாதக் கடைசியில் ரிப்போர்ட். இத்தனைக்கும் நடுவில் நோயாளிக் குழந்தையைப் பார்ப்பதும் எங்கள் வேலை. மார்கழி, தை மாதங்களில் சளி, இருமல், மூச்சிழுப்பு. கோடையிலும் முதல் மழைக்குப் பின்னாலும் பேதி. இந்த இரண்டும்தான் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அதிகம் கொண்டுபோயின. ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெஞ்சுச் சத்தத்தைப் பிரித்தறியும் படிப்பு எங்களுக்கு இல்லை. எக்ஸ்-ரே எடுக்க டவுனுக்குப் போக வேண்டும். சாதாரணச் சளி எது, நிமோனியா எது என்று ஒரு திண்ணையில் உட்கார்ந்தபடி எப்படிச் சொல்வது?

1992இல் குழந்தை உயிர்காப்பு, பாதுகாப்பான தாய்மைத் திட்டம் வந்தது. அதன் பயிற்சியில் எனக்குப் புதிதாகக் கிடைத்தது ஒரு கேள்வியும் சில எண்களும். குழந்தை நிமிடத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுகிறது? பிறந்து இரண்டு மாதம் முடியும்வரை 60 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 50. ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுவரை 40. இரண்டு மாதம் தாண்டிய பிள்ளைக்கு இருமலோடு இந்த வேகமும் இருந்தால் நிமோனியா என்று வைத்துக்கொள், மருந்தைத் தொடங்கு. அதற்குக் கீழே என்றால் நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. அதோடு மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி பள்ளமாக உள்வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.

ஏன் எண்ணிக்கை என்பதை அன்று பயிற்சி கொடுத்த டாக்டர் நிதானமாக விளக்கினார். நிமோனியாவில் நுரையீரலின் காற்றுப் பைகளில் நீர் கோத்து, நுரையீரல் விறைத்துவிடும். ஆழமாக மூச்சிழுக்க முடியாது. ஒவ்வொரு மூச்சும் சின்னதாகிவிடுவதால் எண்ணிக்கையைக் கூட்டித்தான் உடம்பு ஈடுகட்டுகிறது. நோய் முற்றினால் அதுவும் போதாது. பலங்கொண்டு இழுக்கும்போது, இன்னும் இறுகாத விலா எலும்புகள் உள்ளே போகின்றன. சிசுவின் நெஞ்சுக்கூடு மென்மையானது என்பதால் வெளியே நின்று பார்க்கிறவர் கண்ணுக்கே இது தெரியும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு லேசான பள்ளம் இயல்பு. ஆழமாக, தெளிவாக விழுந்தால்தான் ஆபத்து. அந்த வயதில் 60 வந்தால் இன்னொரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த எண்கள் எங்கேயிருந்து வந்தன என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தபோது ஒரு பெருமிதம் வந்தது, இன்றும் குறையவில்லை. பப்புவா நியூ கினியில் வேலை செய்த ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவர் 1980களின் தொடக்கத்தில், மூச்சு எண்ணிக்கையையும் நெஞ்சுப் பள்ளத்தையும் வைத்தே கிராமப் பணியாளர்கள் முடிவெடுக்கலாம் என்று காட்டினார். அவர் முன்வைத்த அளவு 50. அது எல்லா வயதுக்கும் பொருந்துமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. தாமஸ் செரியன், டி. ஜேக்கப் ஜான் முதலியோர் அங்கே வந்த குழந்தைகளின் மூச்சை எண்ணிப் பார்த்தார்கள். கைக்குழந்தைகளுக்கு 50 சரி, ஒரு வயது தாண்டியவர்களுக்கு 40 என்று வைத்தால்தான் நோய் தப்பாமல் பிடிபடும் என்று 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள். வயதுக்கு ஓர் அளவு என்பது பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியில் நின்றது. 1988இல் திருவண்ணாமலை தனி மாவட்டம்கூட இல்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில்தான் வட ஆர்க்காடு பிரிந்தது. வேலூர்தான் எங்களுக்கும் தலைநகரம். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஒரு செவிலி குழந்தையின் வயிற்றைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்றால், அந்த எண்ணில் எங்கள் சீமைப் பிள்ளைகளின் மூச்சும் இருக்கிறது.

ஆனால் எண்ணைத் தெரிந்துகொள்வது வேறு, வீட்டில் அதைச் செல்லுபடியாக்குவது வேறு.

ஒரு மார்கழி மாதம். கோயில் ஸ்பீக்கரில் திருவெம்பாவை ஓடிக்கொண்டிருந்த விடிகாலையில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வந்து கூப்பிட்டாள். அவள் நாத்தனார் பிள்ளை, எட்டு மாதம், மூன்று நாளாக இருமல். போனால் வீட்டு ஆயா மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் வசம்புக் கரி. உரைமருந்து ஊற்றிய சங்கு பக்கத்தில். “மாந்தம்மா நர்ஸம்மா. நேத்தே தொக்கம் எடுத்தாச்சி. ஒரு ஊசி மட்டும் போட்டுடு, செரியாயிடும்” என்றார். அம்மாக்காரி வாயே திறக்கவில்லை. மூலையில் சுவரில் சாய்ந்து நின்றாள்.

நான் அவளைத்தான் கேட்டேன். பால் குடிக்கிறானா? “காம்பப் புடிக்கிறான்க்கா. ரெண்டு வாய் குடிச்சிட்டு விட்டுர்றான். மறுபடியும் புடிக்கிறான், விட்டுர்றான்.” மூச்சு வாங்கும் குழந்தையால் ஒரே மூச்சில் உறிஞ்ச முடியாது. இதைவிடத் துல்லியமான வருணனையை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

சட்டையைத் தூக்க வேண்டும் என்றேன். பனிக்காற்று பட்டுவிடும் என்று ஆயா தடுத்தார். கதவைச் சாத்தச் சொல்லி, துணியை விலக்கி, வயிற்றைப் பார்த்தபடி எண்ணினேன். கைக்குழந்தை வயிற்றால் மூச்சு விடும். ஏறி இறங்குவது ஒரு மூச்சு. முழு நிமிடத்துக்கு 64. ஒவ்வொரு முறையும் விலாவின் அடியில் பள்ளம் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். ஆயா முடியாது என்றார். அவர் கெட்டவர் அல்ல. ஒன்பது பெற்றவர், அதில் நாலு பேரை மண்ணில் வைத்தவர். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன பிள்ளை திரும்பி வராததையும் பார்த்தவர். அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது.

பக்கத்துப் பாயில் அவருடைய இன்னொரு பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. “ஆயா, நீங்களே எண்ணுங்க. நான் ஆரம்பிக்கச் சொல்லும்போது ஆரம்பிங்க, நிறுத்தச் சொல்லும்போது நிறுத்துங்க” என்று கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டேன். அவர் விரல் கணுக்களைக் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். தூங்குகிறவனுக்கு முப்பத்தாறு. பிறகு மடியில் இருந்தவனுக்கு எண்ணினார். பாதியிலேயே விரல் பின்தங்கியது. நிமிடம் முடியும்வரை நான் பேசவில்லை. அவர் நிமிர்ந்து மருமகளைப் பார்த்து, “போர்வைய எடுடி” என்றார்.

108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008 செப்டம்பரில். இது அதற்கெல்லாம் வெகுமுன்பு. கோயில் பக்கம் நின்ற ஆட்டோவைப் பிடித்தோம். கிளம்புமுன் கோட்ரைமாக்சசோல் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் குழைத்து முதல் வேளை மருந்தை ஊட்டினேன். அந்த வயதுக்குச் சின்ன மாத்திரை இரண்டு. நெஞ்சை அமுக்காதபடி பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளவும், வழியில் கேட்டால் கேட்டபடி பால் கொடுக்கவும் சொல்லிக்கொண்டே நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி மருந்து கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் வீடு திரும்பிவிட்டான்.

எனக்கு இதில் பெரிய லாபம் அந்த ஆயா. அதற்குப் பிறகு தெருவில் எந்தப் பிள்ளை இருமினாலும் அவர்தான் முதலில் போய் உட்கார்ந்து வயிற்றைப் பார்ப்பார். நிமிடக் கணக்கு அவரிடம் இல்லை. இருந்தாலும் கண் பழகிவிட்டது. “இது நர்ஸம்மா கேசு, போ” என்று அவர் அனுப்பிய தாய்மார்கள் விஷயத்தில் அவர் கணிப்பு அநேகமாகத் தவறியதே இல்லை. மூதாட்டிகளை மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லில் தள்ளிவிடும் செவிலியர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ராத்திரி முழுக்க விலா ஏறி இறங்குவதைக் கண்விழித்துப் பார்த்தது அவர்தான். அதற்கு அவர் வைத்த பெயர்தான் வேறு.

அதற்காக எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளவும் முடியாது. சிலவற்றோடு நான் கடைசிவரை சண்டை போட்டேன். பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடுவது, சளி எடுக்கிறேன் என்று தொண்டைக்குள் விரல் விடுவது, மூக்கில் வாய் வைத்து ஊதுவது, பிறகு சாம்பிராணிப் புகையில் முகத்தைக் காட்டுவது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே ஒரு நிமோனியா. எந்த ஆன்டிபயாடிக்கும் அந்த எண்ணெயை வெளியே எடுத்துவிடாது. பிறந்ததும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரை வைப்பதும் அப்படித்தான். தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து சங்கில் பால் கறந்து கொடுப்பவர்களிடம் குழந்தையை நீட்டிய தாய்மார்களை நான் வாசலில் மறித்திருக்கிறேன். வெளியே உடம்பில் எண்ணெய் தடவி விடுங்கள், பதமான சூட்டில் தண்ணீர் ஊற்றுங்கள், உடனே துடைத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மட்டும் எதையும் விடாதீர்கள் என்று சொன்னால் பல வீடுகளில் கேட்டார்கள். எண்ணெய்க் குளியலே வேண்டாம் என்று சொன்ன வீடுகளில் யாரும் கேட்கவில்லை.

பேதிக்கு வருகிறேன். பௌர்ணமி இரவுகளில் கிரிவலப் பாதையில் மருத்துவ முகாம் போடுவார்கள். எங்களுக்கும் முறை வரும். கால் கொப்புளம், மயக்கம், நெஞ்சு வலி என்று பெரியவர்கள் கூட்டம்தான் அதிகம். குழந்தைகள் அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டே போவார்கள். ஒருமுறை அப்படித் தோளில் கிடந்த இரண்டு வயதுப் பெண் குழந்தையைக் காட்டி, “காலைலேர்ந்து நாலஞ்சு தடவ போச்சி, இப்ப அசந்து தூங்குதும்மா, பவுடர் பாக்கெட் இருந்தா குடுங்க” என்று ஒருவர் கேட்டார். தூங்குகிற குழந்தையின் கை அப்பாவின் கழுத்தைச் சுற்றியோ தலைமுடியைப் பிடித்தோ இருக்கும். அந்தக் கை வெறுமனே தொங்கியது. இறக்கச் சொன்னேன். கண் குழிவிழுந்திருந்தது. வயிற்றில் தொப்புளுக்குப் பக்கவாட்டில் தோலைக் கிள்ளிவிட்டால், உடனே படியாமல் மெதுவாகத்தான் படிந்தது. கூப்பிட்டால் எரிச்சலோடு விழித்தது. கரைத்த உப்பு சர்க்கரைக் கரைசலை வாயருகே கொண்டுபோனதும் டம்ளரைப் பிடித்து இழுத்தது. அந்த இழுப்பில்தான் எனக்கு உயிர் வந்தது. குடிக்கும் ஆவல் இருந்தால் வாயாலேயே காப்பாற்றிவிடலாம். குடிக்கவே மாட்டாமல் கிடந்து, தோல் இரண்டு நொடிக்கு மேலும் மடிந்தே நின்றால் நரம்பில்தான் நீர் ஏற்ற வேண்டும்.

கிலோவுக்கு 75 மில்லி, நாலு மணி நேரத்தில். பத்துக் கிலோ குழந்தைக்கு முக்கால் லிட்டர். மடமடவென்று ஊற்றக் கூடாது, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். அந்தத் தாயும் தகப்பனும் முகாம் பந்தலுக்குள் தரையில் உட்கார்ந்து மாறி மாறிக் கொடுத்தார்கள். வெளியே ஜனம் நடந்துகொண்டே இருந்தது. விடியும் முன் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து ஒன்றுக்குப் போனாள்.

இந்தக் கரைசலுக்கும் ஒரு கதை உண்டு. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த, மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நிலையில், திலீப் மகாலனாபிஸ் என்ற டாக்டர் உப்பு, குளுக்கோஸ், சோடா மாவு சேர்த்த கரைசலை டிரம்மில் நிரப்பிக் குழாய் வைத்து, உறவினர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். முப்பது விழுக்காட்டை ஒட்டியிருந்த சாவு நாலுக்கும் கீழே வந்தது. குடலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்தே உள்ளே போகின்றன, தண்ணீரையும் கூட இழுத்துப் போகின்றன. பேதியின்போதும் அந்த வழி அடைபடுவதில்லை. கிரிவலப் பந்தலில் கரண்டியோடு உட்கார்ந்திருந்த அந்தத் தகப்பன் செய்ததும் பன்கான் வேலைதான். இப்போது கூடவே துத்தநாக மாத்திரை பதினாலு நாளுக்குத் தருகிறார்கள். பேதி நின்றதும் வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள், அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிள்ளிப் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எலும்பும் தோலுமான பிள்ளைக்கு நீர் வற்றாமலே தோல் மெதுவாகப் படியும். கொழுகொழு பிள்ளைக்கு வற்றியிருந்தாலும் சட்டென்று படிந்துவிடும். அதனால் ஓர் அடையாளத்தை மட்டும் நம்பக் கூடாது. மெலிந்த குழந்தை என்றால் புயத்தைச் சுற்றி நாடாவை வைத்துப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் நாடாவில் சிவப்பு. பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, குழி விழுந்து நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வீங்கிய கால் சிலருக்குச் சதைப் பிடிப்பாகத் தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு உதவிய கேள்வி ஒன்று இருக்கிறது. “நேத்து செஞ்சதுல எதை இன்னிக்குச் செய்யல?” என்ன நோய் என்று கேட்டால் தாய் தடுமாறுவாள், பக்கத்தில் நிற்பவர்கள் பதில் சொல்வார்கள். இந்தக் கேள்விக்கு அவளைத் தவிர வேறு யாராலும் பதில் சொல்ல முடியாது. நேற்றுவரை அண்ணன் ஸ்கூல் விட்டு வந்தால் தூளிக்குள் துள்ளும், இன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேற்று கத்திக் கத்தி அழுதது, இன்று முனகுகிறது. பால் குடிக்கவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு வந்தது, துவண்டு கிடக்கிறது: உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய நாலு ஆபத்துகளில் முக்கால்வாசி அம்மா வாயிலிருந்தே வந்துவிடும். அவள் பேசுவதற்கு இடம் கொடுத்தால் போதும்.

இப்போது நான் ஓய்வுபெற்றுவிட்டேன். விறகடுப்பு குறைந்துவிட்டது. 2021இலிருந்து நிமோகாக்கல் தடுப்பூசி அரசுப் பட்டியலிலேயே இருக்கிறது. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி செவிலியர் பையில் இருக்கிறது. நல்ல கருவி. ஆனால் காலை உதறும் குழந்தையிடம் அது தப்பாகக் காட்டும், நிமோனியாவின் தொடக்கத்தில் அளவு குறையாமலும் இருக்கும்.

பணிக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் அவ்வப்போது என் வீட்டுக்கு வந்து போவாள். போன தை மாதம் பத்து மாதக் குழந்தை ஒன்றைத் திண்ணையிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கி 52 என்றாள். முழு நிமிடம் எண்ணு என்றேன். சின்னக் குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. கொஞ்ச நேரம் வேகமாக ஓடும், கொஞ்சம் நிற்கும், மறுபடியும் ஓடும். அரை நிமிடத்தில் ஒரு மூச்சு தப்பினால் பெருக்கும்போது இரண்டாகிவிடும். அவள் அம்மாவிடம் பால் கொடுக்கச் சொல்லி, பிள்ளை அடங்கி வாயை எடுத்த பிறகு திரும்ப எண்ணினாள். 44. பள்ளம் இல்லை. நன்றாகப் பால் குடித்தான். ஆன்டிபயாடிக் தேவைப்படாத வெறும் சளி.

தாய்க்குத் திருப்தி இல்லை. டவுனில் காட்டினால் ஊசி போடுவார்கள் என்றாள். புதுச் செவிலி சளைக்கவில்லை. குழந்தையின் சட்டையை விலக்கி, விலாவின் அடியைத் தொட்டுக்காட்டினாள். “இந்த எடத்துல பள்ளம் விழுந்தாலோ, இப்ப ஓடறதவிட மூச்சு வேகமா ஓடினாலோ, பால் குடிக்கலன்னாலோ ராத்திரி ரெண்டு மணின்னாலும் போன் பண்ணுங்க. இல்லன்னா அஞ்சு நாள் பாருங்க, அப்பவும் கொறையலன்னா கூட்டிட்டு வாங்க” என்று சொல்லித் தன் நம்பரைத் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். அப்புறம் அம்மாவையே உட்காரவைத்து ஒரு முழு நிமிடம் எண்ணச் சொன்னாள்.